‘ஆஃப் பண்ணிடு ப்ரோ’: மவுஸ் வேகமும் லினக்ஸ் தூய்மைவாதிகளும்

புதிதாக லினக்ஸ் போடுகிறவர்களுக்கு நம் ஆட்கள் சொல்லும் முதல் நான்கைந்து உபதேசங்களில் இது கண்டிப்பாக இருக்கும்: “மவுஸ் ஆக்ஸிலரேஷனை முதல்ல ஆஃப் பண்ணிடு ப்ரோ.” ஏன் என்று கேட்டால் பதில் ரெடி. அது கையை ஏமாற்றும். குறி தவறும். கேம் ஆட முடியாது. கை எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவுதான் திரையில் அம்புக்குறியும் நகர வேண்டும், ஒன்றுக்கு ஒன்று, நடுவில் எந்த சாஃப்ட்வேரும் மூக்கை நுழைக்கக் கூடாது. சொல்பவரின் குரலில் மரச்செக்கு எண்ணெய் விற்பவரின் உறுதி இருக்கும். மற்றதெல்லாம் கலப்படம், இது மட்டும் ஒரிஜினல்.

இதில் ‘ஒன்றுக்கு ஒன்று’ என்பது பொய். ‘குறி தவறும்’ என்பது பாதி உண்மைதான், அளந்து பார்த்தவர்கள் கண்ட முழுக் கணக்கு வேறு. கேம் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதற்கும் வேறு வழி உண்டு. இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு எதிர்ப்பக்கமும் திரும்பித்தான் ஆக வேண்டும். இந்த உபதேசம் இவ்வளவு செழிப்பாக வளர்ந்ததற்குக் காரணம், லினக்ஸ் டெஸ்க்டாப்பை வடிவமைக்கிறவர்கள் இந்த விஷயத்தை வருடக்கணக்காக நம் கண்ணில் படாமல் வைத்திருந்ததுதான்.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடுவோம். மவுஸை மெதுவாக ஓர் அங்குலம் நகர்த்துங்கள். அம்புக்குறி எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். பழைய இடத்துக்கே கொண்டுவந்து, அதே ஓர் அங்குலத்தை இப்போது வெடுக்கென்று நகர்த்துங்கள். இரண்டாவது முறை அம்புக்குறி அதிக தூரம் ஓடியிருந்தால் உங்கள் கணினியில் ஆக்ஸிலரேஷன் ஆன் ஆகியிருக்கிறது. கை நகர்ந்த தூரம் ஒன்றுதான், வேகம் வேறு, அதனால் பெருக்குகிற எண்ணும் வேறு. அவ்வளவுதான் சமாச்சாரம். (பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் படித்தவர்கள் இதை ‘முடுக்கம்’ என்று சொல்லத் தயங்குவார்கள். தயக்கம் சரியே. முடுக்கம் என்பது வேகம் மாறும் வீதம். இங்கே நடப்பது வேகத்தைப் பொறுத்துப் பெருக்கம் மாறுவது. ஆங்கிலத்திலேயே தப்பாக வைத்த பெயர், நாமும் அப்படியே சுமந்துகொண்டிருக்கிறோம்.)

இந்தப் பெருக்கலை நிறுத்திவிட்டால் கிடைப்பதை லினக்ஸில் ‘ஃபிளாட்’ என்பார்கள். பெருக்குவதை ‘அடாப்டிவ்’ என்பார்கள். தூய்மைவாதிகளின் கொடி ஃபிளாட்.

சரி, ஃபிளாட் எவ்வளவு தூய்மையானது? மவுஸின் வயிற்றில் இருக்கும் சென்சார் மேஜைப் பரப்பைப் படம் பிடித்துப் படம் பிடித்து, முந்தைய படத்துக்கும் இதற்கும் எவ்வளவு நகர்ந்தோம் என்று எண்ணிக்கையாகச் சொல்கிறது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை எண்ணிக்கை என்பதுதான் டிபிஐ. 1000 டிபிஐ மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் ஆயிரம் எண்ணிக்கை அனுப்பும். ஃபிளாட்டில் வேக ஸ்லைடரை நடுவில் வைத்தால் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு பிக்சல். ஆக ஆயிரம் பிக்சல். 24 அங்குல சாதாரண 1080 மானிட்டரில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல் இருக்கும். ஆயிரத்தை 92-ஆல் வகுத்துப் பாருங்கள். கை ஓர் அங்குலம் போனால் அம்புக்குறி கிட்டத்தட்ட 11 அங்குலம் போகிறது. இதுதான் அவர்கள் சொல்லும் ‘ஒன்றுக்கு ஒன்று’. அதே மவுஸை 27 அங்குல 4கே மானிட்டரில் செருகினால் 6 அங்குலம் ஆகிவிடும். மவுஸின் தலையில் இருக்கும் டிபிஐ பட்டனை ஒரு தட்டு தட்டினால் எல்லாமே மாறிவிடும். சில மவுஸ்கள் கை லேசாகக் கோணலாகப் போனாலும் கோட்டை நேராக்கி அனுப்பும் வேலையையும் தமக்குள்ளேயே செய்துகொள்கின்றன. எந்தக் கட்டத்தில் இங்கே கலப்படம் இல்லை? கைக்கும் திரைக்கும் நடுவே எப்போதும் யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்த எண் உட்கார்ந்திருக்கிறது. ஃபிளாட்டில் அந்த எண் மாறாமல் இருக்கிறது, அடாப்டிவில் மாறுகிறது. மாறாமல் இருப்பது சிலருக்குப் பிடிக்கும், சில வேலைகளுக்கு உதவும். அதை இயற்கை, உண்மை, சுத்தம் என்று அழைக்க ஒரு முகாந்திரமும் இல்லை.

ஆக்ஸிலரேஷன் ஏன் தோன்றியது என்று கேட்டால், கைக்கு இரண்டு வேலை இருப்பதால். ஒன்று, திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடுவது. இன்னொன்று, போன இடத்தில் துளியூண்டு இலக்கின் மேல் நிற்பது. 800 டிபிஐ மவுஸை ஃபிளாட்டில் வைத்து 4கே திரையின் அகலத்தைக் கடக்க 4.8 அங்குலம் நகர்த்த வேண்டும். கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர். ஆனால் 8 பிக்சல் அகலமுள்ள ஒரு புள்ளியைப் பிடிக்க அதே மவுஸில் கால் மில்லிமீட்டர் கட்டுப்பாடு போதும், அதைப் பெரும்பாலான கைகள் செய்துவிடும். 12 சென்டிமீட்டர் நீளம், மேஜையில் இடமில்லை என்று டிபிஐயை 3200-க்கு ஏற்றினால், கடப்பதற்கு 1.2 அங்குலம் போதும், பிரமாதம். ஆனால் அந்த 8 பிக்சல் புள்ளி இப்போது 0.06 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. தலைமுடியின் தடிமன். தலைமுடி அளவுக்கு மணிக்கட்டை நகர்த்தி நிறுத்திப் பழகியவர்கள் கை தூக்கலாம்.

ஒரே எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு வேலையையும் திருப்திப்படுத்த முடியாது என்பதால்தான், மெதுவாகப் போகும்போது ஓர் எண், வேகமாகப் போகும்போது இன்னோர் எண் என்று யாரோ யோசித்தார்கள். கெட்டிக்காரத்தனமான யோசனை. பாத்திரக்கடையில் விலை உயர்ந்த பொருளிடம் நெருங்கும்போது நம் கை தானாக நிதானமாகிறதே, இலக்கை நெருங்கும்போது மவுஸ் பிடித்த கையும் அப்படித்தான் நிதானமாகிறது. கை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிற செய்தியைக் கணினி காது கொடுத்துக் கேட்கிறது, அதுதான் இதில் நடப்பது.

“இதெல்லாம் தியரி, நிஜத்தில் ஆக்ஸிலரேஷன் இருந்தா இலக்கைத் தாண்டிப் போயிடும்” என்பார்கள். தியரியைக் கொஞ்சம் தள்ளிவைத்து, அளந்தவர்கள் பக்கம் போவோம். ஜெரி காசியே, டேனியல் வோகல், ரவின் பாலகிருஷ்ணன், ஆண்டி காக்பர்ன் ஆகிய நால்வர் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாறாத பெருக்கத்தையும் ஆக்ஸிலரேஷனையும் எதிரெதிரே வைத்து, ஆட்களின் கை அசைவை முப்பரிமாணக் கருவியால் அளந்தார்கள். சாதாரண டெஸ்க்டாப் திரையில் ஆக்ஸிலரேஷன் 3.3 சதவீதம் வேகமாக இருந்தது. சின்ன இலக்குகளில் 5.6 சதவீதம் வரை போனது. இலக்கைத் தாண்டிப் போவது ஆக்ஸிலரேஷனில் கூடியது உண்மைதான், ஆனால் அதையும் சேர்த்துத்தான் இந்த வேகம். தூய்மைவாதியின் குற்றச்சாட்டில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. இன்னொன்றும் கண்டார்கள். பெருக்கம் மிகக் குறைவாக இருந்தால் எல்லோரும் திணறினார்கள், ஏனென்றால் மவுஸைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. ‘டிபிஐயைக் குறைச்சு, பெரிய மவுஸ்பேட் வாங்கி, தோளிலிருந்து நகர்த்து’ என்று சொல்லும் பரம்பரை இதை ஒருமுறை படிக்கலாம்.

3.3 சதவீதம் ஒன்றும் சொர்க்கம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அது சராசரிதான், உங்கள் கை சராசரிக்கு வெளியே இருக்கலாம். இருபது வருடம் ஃபிளாட்டிலேயே வளர்ந்த கைக்கு ஃபிளாட்தான் சுகம். என் சண்டை அந்தச் சுகத்தோடு இல்லை. அந்தச் சுகத்தை எல்லோருக்குமான சட்டமாக்கி, நேற்று லினக்ஸ் போட்டவனிடம் போய் ஓதுவதோடுதான்.

கேம். துப்பாக்கி கேம்களில் கையின் தூரத்துக்கும் திரும்பும் கோணத்துக்கும் ஒரு நிலையான உறவு வேண்டும், இத்தனை சென்டிமீட்டர் இழுத்தால் முழுசாகப் பின்னால் திரும்புவேன் என்று உடம்பு மனப்பாடம் செய்துகொள்கிறது. நியாயமான தேவை. ஆனால் கேமுக்காக முழு டெஸ்க்டாப்பையும் மாற்ற வேண்டியதில்லை. வேலண்டில் கேம்களுக்காக இருக்கும் ரிலேட்டிவ் பாயிண்டர் என்ற நெறிமுறை ஒவ்வொரு அசைவுக்கும் இரண்டு கணக்கை அனுப்புகிறது, பெருக்கியது ஒன்று, பெருக்காதது ஒன்று. எது வேண்டுமோ அதை கேம் எடுத்துக்கொள்ளலாம். எக்ஸிலும் பெருக்காத கணக்கைக் கேட்டு வாங்க வழி உண்டு. இன்னொரு வேடிக்கை, இந்த வகை கேம்களின் தாத்தாக்களில் ஒன்றான க்வேக் 3-க்குள்ளேயே ஆக்ஸிலரேஷன் ஒரு செட்டிங்காக இருந்தது. குறி பார்ப்பதே தொழிலாக இருந்தவர்களுக்குக் கொடுத்த ஆயுதம் அது.

தூய்மைவாதிகளை இத்தோடு விடுகிறேன். அவர்களை உருவாக்கியவர்கள் பக்கம் வருவோம்.

எக்ஸ் விண்டோ சிஸ்டம் 1984-இல் எம்ஐடியில் பிறந்தது. அதன் பழைய ஆக்ஸிலரேஷன் படு எளிமை, இரண்டே எண். எக்ஸ்செட் என்ற கமாண்டில் கேட்டால் இன்றும் சொல்லும்: பெருக்கம் 2, எல்லை 4. ஒரு தடவை வந்த அசைவு நான்கு பிக்சலைத் தாண்டினால் இரண்டால் பெருக்கு, இல்லாவிட்டால் அப்படியே விடு. முரட்டுத்தனமான ஏற்பாடுதான். வேகம் கூடும் இடத்தில் அம்புக்குறி படியேறுவதுபோலத் துள்ளும். வேறொரு கோளாறும் இருந்தது. வினாடிக்கு 125 தடவை சேதி அனுப்பும் மவுஸில் அந்த எல்லை வினாடிக்கு 500 பிக்சல். வினாடிக்கு 1000 தடவை அனுப்பும் மவுஸை வாங்கிச் செருகினால் எல்லை 4000 பிக்சலுக்குத் தாவிவிடும். அதே கை, அதே செட்டிங், காசு கொடுத்து வாங்கிய நல்ல மவுஸ், ஆனால் நடத்தை தலைகீழ். அந்தக் காலத்தில் ‘லினக்ஸ்ல மவுஸ் ஒரு மாதிரி இருக்கு’ என்று சொன்னவர்கள் கற்பனையில் சொல்லவில்லை.

2008 வாக்கில் எக்ஸ்.ஆர்க் சர்வரில் இதைச் சரிசெய்தார்கள். வேகத்தை ஒழுங்காகக் கணக்கிடும் முறை வந்தது, கூடவே ஏழெட்டு வகை வளைவுகளும் வந்தன. பல்லுறுப்புக்கோவை, அடுக்கு, நேர்க்கோடு, மழுக்கிய நேர்க்கோடு என்று கணக்கு வாத்தியார் பீரோவைத் திறந்து கொட்டியதுபோல. எல்லாம் எண்களால் அழைக்கப்பட்டன. எந்த எண்ணுக்கு என்ன ருசி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்க்கும் இடம் டெர்மினல். கணினியை மறுபடி ஆன் செய்தால் எல்லாம் போயிற்று, மறுபடி முதலிலிருந்து.

பிறகு வந்தது லிப்இன்புட். 2015-இல் 1.0 பதிப்பு, அதே வருடம் ஃபெடோரா 22 இதை டீஃபால்ட் ஆக்கியது. இன்று உங்கள் லினக்ஸ் கணினியில் மவுஸ் நகர்ந்தால் பெரும்பாலும் இதன் வழியாகத்தான் நகர்கிறது. பீட்டர் ஹட்டரரும் கூட்டாளிகளும் செய்த நல்ல காரியங்களில் ஒன்று, அந்த பீரோவை இழுத்து மூடியது. மிஞ்சியவை இரண்டு, அடாப்டிவ், ஃபிளாட். அதோடு மைனஸ் 1-லிருந்து பிளஸ் 1 வரை போகும் ஒரு வேகம். நடுவில் பூஜ்யம். இந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு மவுஸ் மாதிரிக்கும் எட்டு வளைவைச் சோதிக்க விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களால் முடியாது. அடாப்டிவ் வளைவும் யோசித்துச் செய்தது: ரொம்ப மெதுவான அசைவில் கொஞ்சம் தணிக்கும், நடுவேகத்தில் சும்மா இருக்கும், அதற்கு மேல் படிப்படியாக ஏறி ஓர் உச்சத்தில் நின்றுவிடும்.

குறை சொல்ல வேண்டியது இதற்கு மேல் தளத்தில். லிப்இன்புட் கொடுத்த இரண்டே இரண்டு தேர்வையும் க்னோம் தன் செட்டிங்ஸில் காட்டவில்லை. 2023 மார்ச்சில் 44-ஆம் பதிப்பு வரும்வரை அங்கே இருந்தது ஒரே ஒரு வேக ஸ்லைடர். ஆக்ஸிலரேஷனைத் தொட வேண்டுமென்றால் ட்வீக்ஸ் என்ற தனி ஆப்பை நிறுவ வேண்டும், இல்லாவிட்டால் டெர்மினலில் ஒரு நீளமான கமாண்ட். சாவி உள்ளே இருந்தது, கதவும் இருந்தது, கதவின் மேல் மட்டும் சுவர் நிறத்திலேயே பெயிண்ட் அடித்துவிட்டார்கள். ‘எளிமை’ என்று அதற்குப் பெயர். ஆப்பிள்காரர்கள் இதைவிட யோக்கியம் என்று சொல்ல வரவில்லை, அவர்கள் செட்டிங்ஸில் இந்த சுவிட்ச் வந்ததே 2022-இல், வென்சுராவில். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பி காலத்திலிருந்தே சுவிட்ச் வைத்திருக்கிறது, ஆனால் அதன் பெயர் ‘பாயிண்டர் துல்லியத்தை மேம்படுத்து’ என்கிற அர்த்தத்தில் இருக்கும். எந்தப் புண்ணியவான் துல்லியத்தைக் குறைக்கச் சொல்லி டிக்கை எடுப்பான்? லில் நகரத்தில் காசியேவும் நிக்கோலா ரூசெலும் 2011-இல் இந்த சிஸ்டங்கள் உள்ளே என்ன வளைவு வைத்திருக்கின்றன என்று கண்டுபிடிக்க, மவுஸ்போல நடித்துப் பொய் அசைவுகளை அனுப்பும் ஒரு கருவியையே செய்ய வேண்டியிருந்தது. நம் கை என்ன கணக்கில் பெருக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ள ஒற்றன் அனுப்ப வேண்டிய நிலைமை.

மூடி வைத்த சோர்ஸ் கோடு அப்படி இருப்பதில் ஆச்சரியமில்லை. கேள்வி நம் வீட்டைப் பற்றியது. லினக்ஸில் அந்த வளைவு திறந்தே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். படிக்கத் தெரிந்தால். தெரியாதவர்களுக்கு? எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் ஈரோடு பக்கம் டிடிபி வேலை செய்கிறார். கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ், கோயில் நோட்டீஸ். 2021-இல் லைசன்ஸ் செலவு கட்டுப்படியாகாமல் லினக்ஸுக்கும் இங்க்ஸ்கேப்புக்கும் வந்தார். தமிழ் ஃபான்ட் பிரச்சினை, பிரிண்டர் பிரச்சினை எல்லாவற்றையும் பொறுமையாகத் தாண்டினார். பதினோராவது நாள் போன் செய்தார்.

“தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மவுஸுதான் வழுக்குது.”

“வழுக்குதுன்னா எப்படிண்ணே?”

“சொல்லத் தெரியல. கை ஒண்ணு நினைக்குது, அது ஒண்ணு பண்ணுது. படத்தை ஓரம் வெட்டுறேன், புள்ளி புள்ளியா வைக்கணும், ஒவ்வொரு புள்ளிக்கும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கு.”

அவருக்கு அதற்கு முன்பே ஒரு தூய்மைவாதி வைத்தியம் பார்த்திருந்தார். எங்கிருந்தோ ஒரு கமாண்டை அனுப்பி ஃபிளாட் ஆக்கிவிட்டிருந்தார். அண்ணன் மேஜையில் கீபோர்டு, பேப்பர் கட்டு, வெட்டுக்கத்தி, டீ டம்ளர் போக மவுஸுக்கு மிஞ்சியது ஒன்றரை உள்ளங்கை இடம். ஃபிளாட் அந்த இடத்துக்குள் அடங்கவில்லை. வேக ஸ்லைடரை ஏற்றினால் ஓரம் வெட்ட முடியவில்லை. இறக்கினால் மவுஸைப் பத்துத் தடவை தூக்கி வைக்க வேண்டும். செட்டிங்ஸைத் திறந்தால் அங்கே ‘வேகம்’ என்ற ஒரே ஒரு ஸ்லைடர். தன் கஷ்டம் வேகம் அல்ல, வேகம் மாறும் விதம் என்று அவருக்குச் சொல்ல அந்தத் திரையில் ஒரு சொல்கூட இல்லை. பன்னிரண்டாவது நாள் விண்டோஸுக்குத் திரும்பிவிட்டார். லினக்ஸைப் பற்றி இன்றும் நல்லதாகத்தான் சொல்கிறார், “நமக்குக் கை ஒத்துக்கல” என்பார்.

இப்படிப் போகிறவர்களை யாரும் எண்ணுவதில்லை. எண்ணவும் முடியாது, ஏனென்றால் தங்களுக்கு என்ன பிரச்சினை என்று புகார் எழுதத் தேவையான சொல்லே அவர்களிடம் இல்லை. சுதந்திர மென்பொருள் என்று மேடை போட்டு நாம் பேசும் சுதந்திரத்தில், ஒரு நாளில் எட்டு மணி நேரம் வேலை செய்கிற வலது கைக்கு என்ன பங்கு? கோடைப் படிக்கத் தெரிந்தவன் தன் வளைவைத் தானே வரைந்துகொள்வான். அண்ணனுக்கு ஒரு ஸ்லைடர்.

இப்போது சுவிட்ச் வந்துவிட்டதே என்பார்கள். வந்தது, சந்தோஷம். பக்கத்திலேயே சோதித்துப் பார்க்க ஓர் இடமும் வைத்திருக்கிறார்கள். கேடிஇ பிளாஸ்மாவில் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் ஆன், ஆஃப் என்ற இரண்டே நிலையில் விஷயத்தை நிறுத்தியது தூய்மைவாதியின் கேள்வியை அப்படியே வாங்கிக்கொண்டதற்குச் சமம். அண்ணனுக்கு ஆனும் பொருந்தவில்லை, ஆஃபும் பொருந்தவில்லை. அவருக்கு வேண்டியது இன்னொரு வளைவு. 2023-இல் லிப்இன்புட் 1.23 அதற்கும் வழி திறந்தது. ‘கஸ்டம்’ என்று மூன்றாவது வகை, வளைவின் புள்ளிகளை நாமே கொடுக்கலாம். ஹைப்பர்லேண்ட் மாதிரி, எல்லாவற்றையும் ஃபைலில் எழுதிப் பழகியவர்களின் டெஸ்க்டாப்பில் அதைப் பயன்படுத்தலாம். க்னோமில் இன்னும் ஆன், ஆஃப்தான். மறுபடியும் எழுதத் தெரிந்தவனுக்கு மூன்று கதவு.

வேலண்ட் வந்தபின் இன்னொரு சங்கடம் சேர்ந்தது. எக்ஸ் காலத்தில் கமாண்ட் அசிங்கமாக இருந்தாலும் எல்லா டெஸ்க்டாப்பிலும் அதே கமாண்ட் வேலை செய்யும். வேலண்டில் மவுஸ் யார் கையில் இருக்கிறதோ அந்த டெஸ்க்டாப்பே எல்லாம். க்னோமில் ஓர் இடம், பிளாஸ்மாவில் வேறு இடம், ஸ்வேயில் அதன் சொந்த ஃபைல். மூன்றுக்கும் அடியில் ஓடுவது அதே லிப்இன்புட், அதே எண். ஆனால் ஒன்றில் பழக்கிய கையை இன்னொன்றுக்கு எடுத்துப் போக வழியில்லை. பாதுகாப்புக்காக இப்படிப் பிரித்தார்கள் என்பது தெரியும், அந்தப் பாதுகாப்பு தேவைதான். எண்ணை ஒரு பொது இடத்தில் எழுதி வைத்து எல்லோரும் படித்துக்கொள்வதைப் பாதுகாப்பு எங்கே தடுத்தது?

அந்த எண்ணே கூட ஒரு புதிர். மைனஸ் 1-லிருந்து 1 வரை. எதன் 1? அலகு கிடையாது. டிசைனர்கள் எண்ணையும் அழித்துவிட்டு ஒரு முனையில் ‘மெதுவாக’, மறுமுனையில் ‘வேகமாக’ என்று எழுதிவிடுகிறார்கள். ஃபேன் ரெகுலேட்டரில்கூட ஒன்று முதல் ஐந்து வரை இருக்கிறது, “மூணுல வை” என்று பாட்டிக்கு போனில் சொல்லிவிடலாம். இந்த ஸ்லைடரைப் பற்றி ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொள்ளக்கூட முடியாது. “நடுவுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்ணே” என்று அண்ணனிடம் சொல்லிப் பார்த்தவன் நான்.

என் கோரிக்கை பெரிதல்ல. பத்து ஸ்லைடர் வேண்டாம், எட்டு வளைவு வேண்டாம். ஸ்லைடருக்குப் பக்கத்தில் ஓர் எண்ணை எழுதுங்கள்: மெதுவாக ஓர் அங்குலம் நகர்த்தினால் திரையில் இத்தனை, வேகமாக நகர்த்தினால் இத்தனை. வளைவை ஒரு கோடாக வரைந்து காட்டுங்கள், அதன் இரண்டு முனையை இழுக்கவிடுங்கள். மவுஸை நகர்த்தும்போது அந்தக் கோட்டின் மேல் ஒரு புள்ளி ஓடட்டும். கஷ்டம் எங்கே இருக்கிறது என்று அண்ணனின் கை தானே காட்டிக் கொடுத்துவிடும். அடியில் லிப்இன்புட் இதற்குத் தயாராக இருக்கிறது, மேலே ஒரு பக்கம் வரைய வேண்டியதுதான் பாக்கி.

இதில் ஒரு துண்டு வேலையை நாமே இன்றைக்கே செய்யலாம். தன் டிபிஐ எவ்வளவு என்று கணினியிடம் சொல்லும் பொது ஏற்பாடு எதுவும் மவுஸுக்குக் கிடையாது. அதனால் எந்த மவுஸுக்கு எத்தனை டிபிஐ என்று சிஸ்டம்டி திட்டத்தோடு ஒரு பட்டியல் வருகிறது. பயனர்கள் அளந்து அளந்து அனுப்பிச் சேர்ந்த பட்டியல். அதில் இல்லாத மவுஸை லிப்இன்புட் 1000 டிபிஐ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் 250 ரூபாய்க்கு வாங்கிய பெயர் தெரியாத மவுஸ் உண்மையில் 1600 என்றால், உங்கள் அடாப்டிவ் வளைவு முதல் நாளிலிருந்தே தப்பான இடத்தில் ஆரம்பிக்கிறது. லிப்எவ்டெவ் தொகுப்போடு மவுஸ் டிபிஐ டூல் என்று ஒரு சின்ன நிரல் வருகிறது. அதை ஓடவிட்டு, மேஜையில் பள்ளிக்கூடத்து ஒரு அடி ஸ்கேலை வைத்து, அதன் ஓரமாகவே மவுஸைப் பத்து அங்குலம் நேராக நகர்த்துங்கள். நிரல் எண்ணிக்கையைச் சொல்லும், பத்தால் வகுத்தால் டிபிஐ. மூன்று நான்கு தடவை அளந்து, ஒத்துப்போனால், மவுஸின் பெயரோடு அந்த எண்ணைப் பட்டியலுக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்து அதே மவுஸைச் செருகுகிறவருக்குக் கணக்கு சரியான இடத்திலிருந்து தொடங்கும்.